பிக்கப் சுத்தப் போய் காதுக்கு வந்த கதை

நீளமான இழை. எலெக்ட்ரிக் கிட்டாருக்கு வீட்டிலேயே பிக்கப் சுத்தறதைப் பத்தி. கிட்டார் தெரியாதவங்களும் படிக்கலாம், பாதிக்கு மேல காதைப் பத்தினதுதான்.

பிக்கப்னா என்ன? கிட்டார் கம்பிகளுக்கு அடியில ஆறு காந்தத் துண்டு. அதைச் சுத்தி தலைமுடி கனத்துல தாமிரக் கம்பி, ஆயிரக்கணக்கான சுத்து. காந்தம் தனக்கு மேல இருக்கிற எஃகுக் கம்பியையும் கொஞ்சம் காந்தமாக்கிடும். அந்தக் கம்பி அதிரும்போது காயிலுக்குள்ள காந்தப்புலம் மாறும், மாறினா மின்னழுத்தம் பிறக்கும். 1831-ல ஃபாரடே கண்டுபிடிச்ச அதே விஷயம். எம்ஆர்ஐ எடுக்கும்போது முழங்காலைச் சுத்தி ஒரு காயில் மாட்டுவாங்களே, அதுவும் இந்த வேலையைத்தான் செய்யுது. அங்கே கிட்டார் கம்பிக்குப் பதிலா நம்ம உடம்பில இருக்கிற ஹைட்ரஜன் அணுக்கரு.

நான் மயக்க மருந்து டாக்டர். பள்ளிக்கூட நாள்லேர்ந்து சால்டரிங் பைத்தியம். என் அக்கா பையன் ஒரு மெல்லிசைக் குழுவில லீட் கிட்டார், வயசு 23. போன வருஷம் ஒருநாள் வந்து, "மாமா, கிட்டார்ல ட்ரெபிளே வரல. பிக்கப் செத்துப் போச்சுன்னு நினைக்கிறேன், புதுசா ஒண்ணு சுத்தித் தர்றீங்களா?"ன்னு கேட்டான். இப்படி யாராவது கேட்க மாட்டாங்களான்னுதான் நான் காத்துக்கிட்டிருந்தேன்.

கம்பி 46 கேஜ் வேணும். குறுக்களவு 0.06 மில்லிமீட்டர் சுமார். மோட்டார் காயில் கட்டுற கடையில கேட்டா அண்ணாச்சி சிரிச்சார். அவர்கிட்ட இருந்த கம்பி எல்லாம் இதுக்குப் பக்கத்துல தேர்வடம். ரிலேவும் சின்ன டிரான்ஸ்ஃபார்மரும் சுத்தற ஒருத்தர்கிட்டதான் கடைசியில கிடைச்சுது. ஒரு பிக்கப்புக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல ஓடும். எடை பார்த்தா 30 கிராம்தான்.

பழைய தையல் மெஷின் மோட்டார்ல ஃபைபர் அட்டை பாபினை மாட்டினேன். சுத்து எண்ண ஒரு பழைய தந்திரம் உண்டு. சாதா கால்குலேட்டரைப் பிரிச்சு '=' பொத்தானுக்கு ஒரு ரீட் சுவிட்சை இணைக்கணும். சுழலும் தட்டில ஒரு குட்டிக் காந்தம். 1+1 போட்டுட்டா ஒவ்வொரு சுத்துக்கும் ஒண்ணு ஏறும். ரொம்ப வேகமா ஓட்டினா கால்குலேட்டர் விட்டுடும், அதனால மெதுவா. கம்பியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில பிடிச்சு இழுவையைச் சீரா வெச்சுக்கணும். இறுக்கினா அறுந்துடும், தளர்த்தினா காயில் பொசபொசன்னு ஆயிடும். எபிடியூரல் போடறவங்களுக்கு இந்த விரல் பாஷை உடனே புரியும்.

ரெண்டு காயில் சுத்தினேன். ஒண்ணு 7000 சுத்து, பேரு சின்னவன். இன்னொண்ணு 9500, பெரியவன். ரெண்டிலும் ஒரே மாதிரி அல்னிகோ காந்தம், ஒரே துருவம் மேலே பார்த்தபடி.

துருவத்தைச் சொல்லக் காரணம் இருக்கு. குயீன் குழுவோட பிரையன் மே, பள்ளி மாணவரா இருந்தப்ப 1963-ல அப்பாவோட சேர்ந்து ஒரு கிட்டார் செய்ய ஆரம்பிச்சார். அதுக்கு முதல்ல அவரே சுத்தின பிக்கப்ல காந்தங்கள் வடக்கு, தெற்கு, வடக்குன்னு மாறி மாறி இருந்தது. கம்பியைப் பக்கவாட்டில வளைக்கும்போது அது ஒரு துருவத்தை விட்டு எதிர்த் துருவத்துக்குப் போகும், சத்தம் கோணலாகும். கடைசியில பர்ன்ஸ் பிக்கப்பை வாங்கி, உள்ளே அரால்டைட் ஊத்தி இறுக்கிப் பயன்படுத்தினார். மேஜையில சும்மா வெச்சிருந்தா இந்தக் குறை தெரியவே தெரியாது. வாசிக்கணும்.

நான் அரால்டைட் ஊத்தலை, மெழுகுதான். பாரஃபின் நாலு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள்ள இன்னொரு பாத்திரம் வெச்சு 65 டிகிரிக்கு மேல போகாம. நேரா அடுப்பில வைக்காதீங்க, பத்திக்கும். இந்த மெழுகு இறங்கலைன்னா உள்ளே இருக்கிற தளர்ந்த சுத்துகள் தாமே அதிர்ந்து, ஆம்ப் சத்தத்தைக் கூட்டினதும் கீச்சுன்னு கத்தும்.

இப்ப சோதனை. எல்லாரும் மல்டிமீட்டரை வெச்சு மின்தடை பார்ப்பாங்க. "என் பிக்கப் 8 கிலோ ஓம், உன்னது 6"ன்னு பெருமை வேற. அது கிட்டத்தட்ட காய்ச்சல் இருக்கான்னு கேட்டுட்டு நோயை முடிவு பண்ற மாதிரி. தாமிரத்தோட தடை ஒரு டிகிரிக்கு 0.4 சதவீதம் கிட்ட ஏறும். ஏசி அறையில 6000 ஓம் காட்டற காயில் மே மாசத்துத் திருச்சி மொட்டைமாடியில 6400 காட்டும். சத்தம் மாறினதா யாராலும் சொல்ல முடியாது.

குணத்தைத் தீர்மானிக்கிறது ஒத்ததிர்வு எண். காயிலோட தூண்டலும், கிட்டார் கேபிளோட மின்தேக்கமும் சேர்ந்து ஏதோ ஒரு அதிர்வெண்ணை மட்டும் தூக்கிக் காட்டும், அதுக்கு மேல சரசரன்னு இறங்கிடும். சுத்து இரட்டிப்பானா தூண்டல் நாலு மடங்கு, அதனால சுத்து கூடக்கூட அந்த மேடு கீழே நகரும். இதை அளக்க, பிக்கப் மேல ஒரு சின்னக் காயிலை வெச்சு கம்ப்யூட்டர்லேர்ந்து 100 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிச்சு மேலே மேலே ஓட்டணும். அதிர்வெண் ஏறினாலே மின்னழுத்தமும் தானா ஏறும், அந்தச் சரிவைக் கழிச்சுட்டுப் பார்க்கணும். சின்னவனோட மேடு 4800 ஹெர்ட்ஸ், பெரியவனோடது 3500. கணக்கும் அளவும் ஒத்துப் போச்சு. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

(இரைச்சல்? இருக்கு. ஒத்தைக் காயில் 50 ஹெர்ட்ஸை அப்படியே வாங்கிக்கும், ஈசிஜில நெளியுமே அதே சனியன். ரெண்டு காயிலை எதிரெதிரா சுத்தி, காந்தத்தையும் திருப்பி வெச்சா இரைச்சல் அடிபடும், கம்பியோட சத்தம் கூடும். கிப்சன் கம்பெனிக்காக செத் லவர் 1955-ல காப்புரிமை கேட்டது இதுக்குத்தான். அது தனி இழை.)

கடைசியா காது. ஒரே கிட்டார்ல ரெண்டையும் மாத்தி மாட்டி, ஒரே துண்டை வாசிச்சுப் பதிவு பண்ணினோம். பெரியவன் கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி, அதனால அளவைச் சமப்படுத்தினேன். காசு சுண்டி வரிசை போட்டு, 20 தடவை, எது எதுன்னு சொல்லணும். கண்ணை மூடிக்கிட்டு ஊகிச்சாலே 10 வரும்.

ஒன்பதாவது படிக்கிற என் பொண்ணு 19. நான் 17. தியேட்டர்ல பல்ஸ் ஆக்சிமீட்டர் சுருதி இறங்கறதைக் கேட்டே திரும்பிப் பார்க்கிற ஆள், அதனால வியப்பில்லை. கிட்டார்க்காரன் 11.

"ரெண்டுமே மொக்கையா இருக்கு மாமா. ட்ரெபிள் எங்க?"

பொண்ணு சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல. கச்சேரி முடிஞ்சு காதுல கொய்ங்னு கேக்குமாடான்னேன். "அது எல்லாருக்கும் கேக்கும், காலையில போயிடும்"னான். மேடையில இடது பக்கம் டிரம்ஸ், பின்னாடி ஸ்பீக்கர். திருவிழா சீசன்ல வாரத்துக்கு நாலு ராத்திரி, நாலு மணி நேரம்.

காது மூக்கு தொண்டை நிபுணரான நண்பர்கிட்ட அனுப்பினேன். ஆடியோகிராம்ல தாழ்ந்த அதிர்வெண் எல்லாம் ஒழுங்கா 10, 15 டெசிபல். 4000 ஹெர்ட்ஸ்ல மட்டும் 45-க்குப் பள்ளம், இடதுல இன்னும் கொஞ்சம் ஆழம். 8000-ல மறுபடி ஏறிடுது. இரைச்சலால வர்ற பாதிப்போட பாடப்புத்தகப் படம். வயசான காதுல இப்படி ஏறாது, இறங்கிக்கிட்டே போகும். வேற காரணம் இருக்கான்னும் பார்த்துட்டுத்தான் சொன்னார்.

பிக்கப்போட மேடு எங்கேயோ, அங்கேயேதான் அவன் காதுல பள்ளம். ரெண்டு வருஷமா அவன் ஆம்ப்ல ட்ரெபிளை ஏத்திக்கிட்டே வந்திருக்கான். பழைய பிக்கப்பையும் அளந்தேன், அதுக்கு ஒண்ணுமே இல்லை.

காதுக்குள்ள இருக்கிற முடிச் செல் மனுஷனுக்குத் திரும்ப முளைக்காது. அமெரிக்க நியோஷ் பரிந்துரைப்படி 85 டெசிபல்ல 8 மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிஷம். அவங்க மேடைக்கு அது முதல் பாட்டுக்கும் ரெண்டாவது பாட்டுக்கும் நடுவிலேயே தீர்ந்துடும். இதைச் சொன்னப்ப அக்கா ஒண்ணும் பேசல. அவன்தான், "அப்ப வாசிக்கக் கூடாதா மாமா?"ன்னான். வாசிக்கலாம். பஞ்சும் ஃபோம் அடைப்பானும் ட்ரெபிளைத்தான் அதிகமா வெட்டும், அதனால இசைக்காரங்க கழட்டி எறிஞ்சுடுவாங்க. எல்லா அதிர்வெண்ணையும் ஏறக்குறைய சமமா 15 டெசிபல் குறைக்கிற அடைப்பான் தனியா இருக்கு. அதை வாங்கிக் கொடுத்தேன். நிக்கிற இடத்தை டிரம்ஸை விட்டுத் தள்ளிப் போட்டாங்க.

கிட்டார்ல சின்னவன் இருக்கான். சவுண்ட் செக் அப்ப பேஸ் வாசிக்கிற தம்பி எதிர்ல போய் நின்னு கேட்டு, ட்ரெபிள் குமிழை வெச்சு அதுல பிளாஸ்திரி ஒட்டிடறான். இவன் தொடக் கூடாதுன்னு ஒப்பந்தம்.

போன வாரம் மறுபடி ஆடியோகிராம். 4000-ல அதே 45. இன்னும் 200 கிராம் கம்பி மிச்சம் இருக்கு, அடுத்து ஹம்பக்கர் சுத்தறேன்.