உப்புச் சூடு

பங்குனி வெயில் ஒன்பது மணிக்கே உச்சிக்கு வந்தது போலக் காய்கிறது. மரக்காணம் அளத்தில் பெண்கள் விடியுமுன் தொடங்கிய வேலை. பாத்தியிலிருந்து அம்பாரத்துக்குக் கூடை கூடையாய் உப்பு ஏறியிருக்கிறது. இப்போது கஞ்சி நேரம். ஓலைக் கொட்டகையில் ஆறு பேர். மூலையில் நான். நானும் பெண் என்பதால் என்னை யாரும் பொருட்படுத்தவில்லை.

கம்பில் ஒரு பட்டன் போன் தொங்குகிறது. இயர்போன் வயரைக் கம்பைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள், அதுதான் ஏரியல். பாட்டு முடிந்து ஒரு பெண் டாக்டரின் குரல். தீட்டு நிற்கும் வயதைப் பற்றிப் பேசுகிறார். நம் நாட்டுப் பெண்களுக்குப் பெரும்பாலும் 46, 47 வயதில் நிற்குமாம். தொடர்ந்து 12 மாதம் வராவிட்டால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது உடம்புச் சூட்டைச் சீர்செய்யும் மூளைப் பகுதி தடுமாறுவதால், திடீரென்று முகமும் நெஞ்சும் பற்றிக்கொண்டு எரியும், வேர்த்துக் கொட்டும்.

ஒருத்தியின் கை கஞ்சித் தூக்கிலேயே நிற்கிறது.

"சத்தத்தக் கூட்டுடி."

லாரிக்கு மூட்டை ஏற்றும் ஆண்கள் கடந்து போகிறார்கள். சத்தம் குறைகிறது. அவர்கள் போனதும் கூடுகிறது.

"ரெண்டு வருசமா எனக்கு இதேதான்க்கா. ராத்திரியில எழுந்து வாசல்ல போய் உக்காருவேன். உப்புச் சூடுன்னே நெனச்சிட்டேன்."

வெளிச்சூடும் உள்சூடும் ஒன்றாகிப்போன இடம் இது. ஒதுங்க மறைவில்லாததால் தாகத்தை அடக்கிக்கொண்டே வேலை செய்பவர்களுக்கு எது எந்தச் சூடு என்று எப்படித் தெரியும்? தாயும் சொல்லவில்லை, அவளுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கூட்டம் போட்டுப் பேசினால் போய் உட்கார வேண்டும், அதை நாலு பேர் பார்ப்பார்கள். துண்டறிக்கைக்குப் படிப்பு வேண்டும். வானொலிக்குக் காது போதும். சும்மாடு சுற்றிக்கொண்டே கேட்கலாம். 2004இல் அண்ணா பல்கலைக்கழகம் இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலியைத் தொடங்கியதும் இந்த நம்பிக்கையில்தான். அப்படியொரு நிலையம் இந்த உப்பளத்துப் பேச்சிலேயே பேசினால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

"நின்னு ஒரு வருசம் ஆனப்புறம் திரும்பவும் பட்டா, துளியானாலும் சரி, உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க," என்கிறது குரல். பிறகு பாட்டு.

எழுகிறார்கள். இதுவரை வாய் திறக்காத பெரியம்மா மட்டும் உட்கார்ந்தே இருக்கிறார். சும்மாட்டுத் துணியை விரிக்கிறார், மடிக்கிறார். பக்கத்திலிருப்பவளின் முந்தானையை மெல்ல இழுக்கிறார்.

"கவருமெண்டு ஆஸ்பத்திரியில பொம்பள டாக்டரு என்னைக்குடி இருப்பாங்க?"