‘இரு’ எண்டால் இரு

எங்கட பக்கத்தில் நாய் பழக்கிறது எப்படி என்று கேட்டால், கன பேர் முதலில் ஒரு பூவரசந்தடியைத்தான் முறிப்பினம். ‘அடியாத மாடு படியாது’ எண்டு சொல்லித்தான் எங்களையும் வளர்த்தவை. அதனால், மணற்காட்டுப் பக்கத்தில் காலமெல்லாம் வேட்டைநாய் பழக்கின அப்பு ஒருவர் “தடியோட வாறதெண்டால் என்னட்டை வராதேங்கோ பிள்ளையள்” என்று சொன்னபோது, ஒரே ஒழுங்கைக்காரரான நாங்கள் மூன்று பேரும் முழிசினோம்.

வல்லிபுரக் கோவிலைத் தாண்டினால் மணல் கும்பிகளும் சவுக்கும் பற்றையும்தான். முந்தி அங்கே முயலுக்கும் உடும்புக்கும் நாயோடு போவினம். இப்ப அது சரிவராது. உடும்பு சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பிராணி. எங்களுக்கும் உடும்பு தேவையில்லை. எங்கட வீமன் கோழி, ஆடு, மோட்டார் சைக்கிள் எதைக் கண்டாலும் கலைக்கிற ஆள். கலைக்கிறதை நிப்பாட்டத் தெரிஞ்சவர் வேட்டைக்காரராகத்தான் இருப்பார் என்று போனோம்.

முதல் பாடம் எங்களுக்கு, வீமனுக்கில்லை. ஒருத்தர் ‘வா’, இன்னொருத்தர் ‘இஞ்ச வாடா’, மற்றவர் ‘கம்’ எண்டால் நாய்க்கு அது மூன்று சொல். ஒரு வேலைக்கு ஒரு சொல்தான். இண்டைக்குக் குசினிக்குள் விட்டுப்போட்டு நாளைக்குக் கலைக்கக் கூடாது. காலையில் பத்து நிமிடம், பின்னேரம் பத்து நிமிடம். அதுக்கு மேல் நாய்க்கு அலுக்கும், எங்களுக்குக் கோபம் வரும்.

பழந்துணிக்குள் தும்பு அடைஞ்சு, கருவாட்டோடு ஒரு இரவு வைச்சு, மணலில் இழுத்துக்கொண்டு போய் ஒளிக்க வேணும். மணந்து தேடி எடுத்தால் ஒரு துண்டு மீன். அதுவும் உடனே. பிந்தினால் எதுக்குக் கிடைச்சது எண்டு விளங்காது. அடியும் அப்படித்தான். கூப்பிட்டுப் பிந்தி வந்த நாய்க்கு அடிச்சால், பிந்தினதுக்கு அடி எண்டு அது நினைக்காது. வந்ததுக்கு அடி எண்டுதான் நினைக்கும். அடுத்தமுறை வரவே வராது.

தேடுறது மூக்கிலேயே இருக்கு. நிற்கிறதைத்தான் பழக்க வேணும். துணி கண்முன்னே ஓடினாலும் ‘இரு’ எண்டால் இருக்க வேணும். இதுக்கு மட்டும் எங்களுக்கு நாலு மாதம் பிடிச்சது. மூன்று எண்ண முதலே பாய்ஞ்சிடுவான். அப்ப அடியும் இல்லை, பேச்சும் இல்லை, மீனும் இல்லை. திருப்பி முதலில் இருந்து.

‘பரியேறும் பெருமாள்’ (2018) பார்த்திட்டுக் கறுப்பி மாதிரி நாய் வேணும் எண்டு திரியிற பெடியள் எங்களுக்குள்ளும் இருக்கினம். சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் கண்ணால் கண்டு கலைக்கிற இனங்கள், பலமே ஓட்டம்தான். றோட்டுக்கரை வீட்டில் ‘இரு’ தெரியாத சிப்பிப்பாறை எத்தினை நாள் உயிரோட இருக்கும்?

இதே மூக்கை எங்கட மண் வேறொரு வேலைக்கும் கண்டிருக்கு. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு வடக்கில் கண்ணிவெடி தேட நாய்களும் வந்தன. வெடிமருந்து மணத்தால் கிண்டக் கூடாது, பாயக் கூடாது. அந்த இடத்திலேயே அமைதியாக இருக்க வேணும். பரிசு பெரும்பாலும் ஒரு பந்து. அடிக்குப் பயந்து மணந்ததாக நடிக்கிற நாயை நம்பி அந்த நிலத்தில் யார் கால் வைப்பினம்?

வீட்டில் இதைச் சொன்னால் “நாயும் பிள்ளையும் ஒண்டோ?” எண்டு அம்மாமார் கேட்கினம். பள்ளிக்கூடத்தில் அடிக்கக் கூடாது எண்டு கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விட்டிட்டுது. நாய்க்கே தேவைப்படாத தடி, ஒன்பதாம் ஆண்டு படிக்கிற தம்பிக்கு ஏன்? மறுமொழி இன்னும் வரேல்லை. தடி சிலாகையில் செருகினபடிதான் இருக்கு.

வீமனும் முழுசாத் தேறேல்லை. போன கிழமை பற்றையால் முயல் ஒன்று வெளிக்கிட்டபோது, உடம்பு நடுங்க நடுங்க இருந்த இடத்திலேயே இருந்தான். பக்கத்து வீட்டுப் பூனைக்கு மட்டும் ‘இரு’ இன்னும் வேலை செய்யுதில்லை.