பன்னிரண்டு மாவும் முக்காலும்

கணிதத்திற்கு அஞ்சியே நாம் தமிழைச் சிறப்புப் பாடமாக மேற்கொண்டோம் என்று நண்பர் சிலர் நகையாடுவதுண்டு. அதனை இதுகாறும் மறுத்தே வந்தோம். சென்ற காலாண்டு விடுமுறையில் ஊர் சென்றபோது நேர்ந்ததொன்றால், அம்மறுப்பிற் பாதியேனும் பொய்யென ஒப்ப வேண்டியவரானோம்.

நம் ஊர் குளச்சலுக்கு மேற்கே கடலோரத்தது. ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் தம்பி, கணக்கில் நூற்றுக்குப் பதினொன்று பெற்று, இனிப் பள்ளி செல்லேன், மாமாவின் வள்ளத்திற் போவேன் என்று துணிந்திருந்தான். கடற்றொழிலை நாம் இழிவாகக் கருதுவோமல்லேம். நம்மைப் படிப்பிப்பதும் அதுவே. ஆயினும் விரும்பிக் கடல் புகுவது வேறு. தோற்றோடிப் புகுவது வேறு. அம்மா நம்மைத் தனியே அழைத்து, "மக்களே, நீ படித்தவனல்லவா? அவனுக்கு ஒன்று சொல்லிக்கொடு" என்றார். பத்தாம் வகுப்பில் அதே கணக்கில் நாமும் இடறி விழுந்ததை அம்மா அறியார்.

கணக்கு இதுதான்: ஒரு கால்பந்துக் குழு இருபது ஆட்டங்களில் பன்னிரண்டில் வென்றது, அஃதாவது நூற்றுக்கு அறுபது. இனித் தொடர்ந்து எத்தனை ஆட்டங்களில் வென்றால் அது எழுபத்தைந்தாகும்? தம்பி தயங்காது, "மூன்று" என்றான். இருபதில் எழுபத்தைந்து வீதம் பதினைந்து. பதினைந்திற் பன்னிரண்டு போக மூன்று. நாமும் அன்று அவ்வாறே எழுதினோம். பிழை எங்கே உளது என்பதை எவரும் நமக்கு விளங்க உரைத்திலர். விடையின்மீது சிவப்புக் கோடு கிழித்ததே மிச்சம்.

அப்போது நம் கைக்கருவி ஒன்று நினைவிற்கு வந்தது. காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரத்தைப் புரட்டியவாறே பழந்தமிழ்ப் பின்னங்கள் சிலவற்றை நாம் மனனம் செய்திருந்தோம். இருபதில் ஒரு பங்கு ஒரு மா. இருபது ஆட்டங்களுள் ஒவ்வொன்றும் ஒரு மா. வெற்றி பன்னிரண்டு மா, அரையே இரண்டு மா என்பர் முன்னோர். வேண்டுவது முக்கால், பதினைந்து மா. "மூன்று மா குறைகிறது. ஆனால் இருபத்தோராவது ஆட்டம் ஆடியபின் ஓர் ஆட்டம் ஒரு மாவாகுமா?" என்றோம். அவன் சற்றே விழித்து, "ஆகாது, குறையும்" என்றான். மூன்றும் வென்றால் இருபத்து மூன்றிற் பதினைந்து. நூற்றுக்கு அறுபத்தைந்தைச் சிறிதே கடக்கும், அவ்வளவே. வெற்றி ஏறுந்தோறும் ஆட்டத்தொகையும் உடனேறுகின்றது. அறியாத் தொகையை 'அ' என்று வைத்தால், பன்னிரண்டும் 'அ'வும் சேர்ந்தது, இருபதும் 'அ'வும் சேர்ந்ததில் முக்கால். நான்கால் பெருக்க, 48 + 4அ = 60 + 3அ. அ = 12. இன்னும் பன்னிரண்டு! தம்பி வாய்பிளந்தான். உண்மை உரைப்பின், நாமும் அன்றுதான் அதனை முதன்முதல் விளங்கிக்கொண்டோம்.

பின்னர் அவனே கிரிக்கெட்டுக்குத் தாவினான். 2021-23 உலகத் தேர்வுப்போட்டிச் சுற்றில் நிலை வகுத்தது நூற்றுவீதமே. வெற்றிக்கு 12 புள்ளி, முடிவின்றி நின்றால் 4. அகமதாபாத் ஆட்டத்திற்குமுன் இந்தியா 17 ஆட்டங்களில், தாமதமாய்ப் பந்து வீசியதற்குக் கழித்த 5 புள்ளி போக, 204க்கு 123 பெற்றிருந்தது. இலங்கை 120க்கு 64; நியூசிலாந்தில் எஞ்சிய இரண்டையும் வென்றால் 144க்கு 88, நூற்றுக்கு 61.11. அதனை விஞ்ச இந்தியாவிற்கு 216க்கு 132இன் மேல் வேண்டும். ஆகவே 'அ' ஒன்பதினும் பெரிது. நான்கு போதாது, வெற்றியே வேண்டும். இல்லையேல் இலங்கை ஒன்றிலேனும் வழுக வேண்டும். 2023 மார்ச் 13ஆம் நாள் கிறைஸ்ட்சர்ச்சில் இறுதிப் பந்தில் ஓடிய ஓரோட்டத்தால் இலங்கை தோற்றது. அன்றே அகமதாபாத் ஆட்டம் முடிவின்றி நின்றது, இந்தியா 58.80 பெற்று இறுதிக்குச் சென்றது. (சூன் திங்களில் ஓவல் திடலில் ஆஸ்திரேலியரிடம் 209 ஓட்டங்களால் தோற்றதைத் தம்பி பேச விரும்பவில்லை.) அன்று தொலைக்காட்சியில் எண்களை மட்டும் பார்த்தவன், இப்போது அவை எவ்வாறு வந்தன என்று மும்முறை தானே போட்டுப் பார்த்தான்.

இரவு உணவின்பின் அவனே ஒரு கணக்கு இட்டான்: "அண்ணா, அந்தக் குழு நூற்றுக்கு நூறு ஆக எத்தனை வெல்ல வேண்டும்?" நாம் விடை கூறுமுன் தானே எழுதினான். பன்னிரண்டும் 'அ'வும், இருபதும் 'அ'வும் சமம். இருபுறமும் 'அ'வை நீக்கினான். 12 = 20 என்று நின்றது. நெடுநேரம் அதனையே பார்த்திருந்து, "இப்படியும் வருமா?" என்றான். வரும் என்றோம்; அந்த எட்டுத் தோல்வி எங்கும் போகாது. அவன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

விடியுமுன் மாமா வாசலில் வந்து குரல் கொடுத்தார். தம்பி உறங்கிக் கொண்டிருந்தான். எழுப்ப எழுந்த நம்மை அம்மா கையமர்த்தி, தாமே வெளியே சென்று மாமாவிடம் மெல்ல ஏதோ சொல்லியனுப்பினார்.