ஓட்டுபவர்க்கும் ஒரு காட்சி

மலைநாட்டுப் பயணத்துக்கு வழி வகுப்போர் தேசப்படத்தில் அழகிய இடங்களையே முதலில் தேடுவர். வண்டியின் அளவை எண்ணிப் பார்ப்போர் சிலரே. படுக்கையும் அடுப்பும் உள்ளடங்கிய பெரிய மோட்டார் வண்டி வீட்டின் வசதியைத் தருவது உண்மையே. ஆனால், வீட்டைப் போலவே அதனையும் எளிதில் திருப்ப இயலாது.

ஸ்கொத்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள அப்பிள்குறொஸ் என்னும் சிற்றூருக்கு அத்தகைய வண்டியொன்றிற் குடும்பத்துடன் சென்றோம். அவ்வூரை அடைய இரு வழிகள் உள. ஒன்று, 1822ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற 'பியலக் ந பா'. மாடுகளின் கணவாய் என்பது அதன் பொருள். அவ்வொடுங்கிய வீதி 626 மீற்றர் உயரம்வரை ஏறுகின்றது. 5 அடி செல்ல 1 அடி உயரும் ஏற்றங்களும் கொண்டையூசி வளைவுகளும் அதில் உண்டு. எதிரே வண்டி வந்தால் ஒதுங்குமிடம்வரை ஒருவர் பின்வாங்கியே ஆகவேண்டும். மிகப் பெரிய வண்டிகளுக்கு உகந்ததன்று என அடிவாரத்துப் பலகையே எச்சரிக்கின்றது. மற்றையது ஷீல்டெயிக்கிலிருந்து கடலோரமாய்ச் சுற்றிச் செல்லும் நெடுவழி. அதுவும் ஒடுக்கமே, ஆயினும் அக்கணவாயின் கடுமை அங்கில்லை.

வண்டியோட்டிய எம் மகனுக்கு உச்சியைக் காணாது செல்ல மனமில்லை. பின்னிருந்த எம் தாயார் சொன்னார்: "ஓட்டுறவனும் பார்க்கத்தானே ராசா வந்தனாங்கள்? றோட்டை விட்டுக் கண்ணெடுக்க ஏலாத வழியிலே உனக்கென்ன காட்சி?"

கடலோர வழியே சென்றோம். ஒதுங்குமிடங்களைப் பிறருக்கு விட்டு, வண்டி நிறுத்தத்தக்க அகன்ற இடங்களில் மட்டும் தங்கினோம். நீருக்கப்பால் ராசே தீவும் அதன் பின்னே ஸ்கை மலைகளும் தோன்றியபோது முதலில் இறங்கி நின்றவன் எம் மகனே.

வழியைத் தெரியும்போது அதன் அழகில் ஓட்டுபவர்க்கும் ஒரு பங்கு வைத்தல் நன்று.