காலி ஸ்லாட்

சர்வர் ரேக்கில் ஒரு ‘யு’ என்றால் 44.45 மில்லிமீட்டர் உயரம். எங்கள் டேட்டாபேஸ் சர்வர் இரண்டு யு, 88.9. முழு உயர பிசிஐஇ கார்டு ஒன்றோ 111 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மதர்போர்டில் நேராக நிறுத்தினால் மேல்மூடி மூடாது. அதற்குத்தான் ரைசர் போர்டு. மதர்போர்டில் செங்குத்தாகச் செருகப்படும் சின்னப் பலகை. ஸ்லாட்டுகள் அதன் பக்கவாட்டில் இருக்கும். கார்டு நிற்காமல் படுத்துக்கொள்ளும்.

பத்து வருஷமாக கோட் எழுதுகிறேன். எனக்கு சர்வர் என்பது ஒரு ஐபி முகவரி, அவ்வளவுதான். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தது போன வருஷம். டேட்டாபேஸ் திணறிக்கொண்டிருந்தது, புது சர்வருக்கு பட்ஜெட் இல்லை. “ரெண்டாவது ரைசர்ல ரெண்டு ஸ்லாட் காலியாத்தானே இருக்கு? ரெண்டு என்விஎம்இ கார்டு வாங்கிப் போட்டுடலாம்” என்றார் மேனேஜர்.

டேட்டா சென்டரில் வேலை பார்க்கும் அண்ணன் டார்ச் அடித்துக் காட்டினார். ஒரு ப்ராசசர் இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் மூடி.

“சார், இந்த ரைசர் ரெண்டாவது ப்ராசசரோடது. அதுவே இல்ல பாருங்க. கார்டு உக்காரும், ஆனா பேசாது.”

பிசிஐஇ லேன்கள் இப்போது பெரும்பாலும் ப்ராசசரிலிருந்தே நேராகக் கிளம்புகின்றன. சாதாரண ரைசர் தன் பங்குக்கு ஒரு லேன்கூடத் தருவதில்லை. வந்ததைக் கடத்தும், அவ்வளவே. பதினாறு லேன் வந்து இரண்டு ஸ்லாட்டுக்குப் பிரிந்தால் தலா எட்டு. ஸ்லாட்டின் நீளத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. பதினாறுக்கான நீளம் இருக்கும், உள்ளே எட்டுக்குத்தான் இணைப்பு இருக்கும். மின்சாரமும் அப்படித்தான்: ஸ்லாட் வழியாக அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் தனி கேபிள்.

ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். எங்கள் போர்ஷனில் தாத்தா பரண் கட்டினார். இன்னும் இரண்டு பேர் படுக்க இடம் கிடைத்தது. ஆனால் முற்றத்தில் குழாய் ஒன்றுதான். காலையில் வாளி வரிசை நீண்டதே தவிர, தண்ணீர் கூடுதலாக வரவில்லை.

அதே மாதம் மேனேஜர் என் காலண்டரைத் திறந்து பார்த்தார். “மூணு மணிக்கு மேல உனக்கு காலியாத்தானே இருக்கு?” அப்படித்தான் மூன்றாவது ப்ராஜெக்ட் என்னிடம் வந்தது. காலண்டரில் வெள்ளைக் கட்டம் தெரியும். அந்த நேரத்தில் மண்டை எந்த நிலையில் இருக்கும் என்பது தெரியாது. இரவு பதினொன்றுக்கு லேப்டாப்பை மூடும்போது வீட்டில் எல்லாரும் தூங்கியிருப்பார்கள்.

இரண்டு மெயில் எழுதினேன். முதலாவது: கார்டு மட்டும் வாங்கினால் வேலைக்காகாது, அதே மாடலில் இன்னொரு ப்ராசசர், அதற்கான ஹீட் சிங்க், ரேம் எல்லாம் வேண்டும். வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். கார்டுகளைப் போட்டு, எல்எஸ்பிசிஐ கட்டளை கொடுத்துப் பார்த்தேன். தலா எட்டு லேன். சுத்தமாக ஓடுகிறது.

இரண்டாவது மெயில், மூன்றாவது ப்ராஜெக்ட்டுக்கு இன்னோர் ஆள் கேட்டு. அதற்கு இன்னும் பதில் வரவில்லை.