மூன்று வாட்ச் போதும்

அலமாரியில் கிடக்கும் வாட்ச் கெட்டுப்போகும். சாவி கொடுக்கும் வாட்ச் என்றால் உள்ளே இட்ட எண்ணெய் வருடக்கணக்கில் கெட்டிப்பட்டு, ஓட்டம் தடுமாறும். செல் போட்ட வாட்ச் என்றால், தீர்ந்துபோன செல் கசிந்து சர்க்யூட்டையே அரித்துவிடலாம். அதனால் எத்தனை வாட்ச் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு என்னிடம் உள்ள அளவுகோல் ஒன்றுதான்: வாரம் ஒருமுறையாவது கையில் ஏறாத வாட்ச் வீட்டில் இருக்க வேண்டாம். அந்தக் கணக்கில் மூன்றுக்கு மேல் எனக்குத் தேவைப்படவில்லை.

முதலில் எச்எம்டி ஜனதா. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961இல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்தது எச்எம்டி. வேலை கிடைத்ததற்கும் கல்யாணத்துக்கும் நம் பெரியவர்கள் கையில் ஏறியது பெரும்பாலும் அந்த வாட்ச்தான். ஜனதாவின் டயலில் தேதி கிடையாது, பகட்டு கிடையாது. உள்ளே 17 கல். அவை அலங்காரத்துக்குப் பதித்தவை அல்ல. சக்கரங்களின் நுனி தேயாமல் சுழல்வதற்காக வைத்த செயற்கை மாணிக்கங்கள். காலையில் குமிழைத் திருகிச் சாவி கொடுத்தால் மறுநாள் காலைவரை தாராளமாக ஓடும். காதருகே வைத்தால் வினாடிக்கு ஐந்து துடிப்பு. ஒன்றிரண்டு நிமிடம் முன்னே பின்னே போனாலும் எனக்குக் குறையில்லை. தினமும் நான் தொட்டு ஓடவைக்கும் பொருள் அது.

எச்எம்டியின் வாட்ச் நிறுவனத்தை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்துவிட்டது. இன்று கைமாறி வருபவற்றில் கணிசமானவை, பழைய இயந்திரத்தின் மேல் புதிதாகப் பெயின்ட் அடித்த டயலை ஏற்றியவை. எழுத்து தடித்தோ கோணலாகவோ இருந்தால், டயலின் நிறம் கண்ணைப் பறித்தால், விட்டுவிடுங்கள். உறவுக்காரர் வீட்டுப் பீரோவில் நின்றுபோய்க் கிடக்கும் ஒன்றைக் கேட்டு வாங்கி, பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் போடுவது எவ்வளவோ மேல்.

இரண்டாவது கேசியோ எஃப்-91டபிள்யூ. 1989இல் வந்த மாடல், இன்னும் விற்கிறார்கள். மழை, மார்க்கெட், பஸ் நெரிசல் எல்லாவற்றுக்கும் இதுதான். உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அதைப் பதினைந்து முறை பாதி பாதியாகக் குறைத்தால் சரியாக ஒன்று, அதாவது ஒரு வினாடி! அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்த மூளையை நினைத்து நான் மகிழாத நாள் குறைவு. செல் ஏழு வருடம் வரை தாங்கும்.

மூன்றாவது, ஆபீசுக்கும் விசேஷங்களுக்குமான டைட்டன். டாடாவும் நம் மாநில அரசின் டிட்கோவும் 1984இல் கூட்டாகத் தொடங்கிய நிறுவனம், தொழிற்சாலை ஓசூரில். நான் எடுத்தது வெள்ளை டயல், தேதி, ஸ்டீல் செயின். தோல் ஸ்டிராப் அழகுதான், ஆனால் சென்னை வெயிலில் வேர்வை ஊறி அது சீக்கிரமே நாறத் தொடங்கும். செயினை பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் அழுக்கு போய்விடும்.

பின்மூடியில் 30 மீட்டர் என்று போட்டிருந்தால் அவ்வளவு ஆழம் இறங்கலாம் என்று பொருள் அல்ல. அசையாத நீரின் அழுத்தத்தைக் கொண்டு சொல்லும் கணக்கு அது. நடைமுறையில் கை கழுவலாம், தூறலில் நனையலாம், அவ்வளவுதான். நீச்சலுக்கு 100 மீட்டர் போட்டதைப் பாருங்கள்.

வாங்குமுன் இன்னொன்றும் பார்ப்பேன்: நம் தெருமுனை ரிப்பேர்க்காரரால் அதைத் திறக்க முடியுமா? ஒற்றைக் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, மயிரிழை மொத்தமுள்ள சுருளை நிமிர்த்தும் அந்தக் கைகளை எனக்கு அவ்வளவு பிடிக்கும். செல் மாற்றும்போது மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வெடித்திருந்தால் புதிது போட அதிகம் செலவாகாது; போடாவிட்டால் அடுத்த மழையில் கண்ணாடிக்குள் ஆவி படியும்.