கோயில் வாசலில் ஒரு தாதி

கண்டியிலிருந்து கம்பளைக்குச் செல்லும் வீதியில், பேராதனைக்கு அப்பால் இருக்கிறது கெலிஓயா. சுற்றுப்புறத் தேயிலைத் தோட்டங்களின் லயங்களிலிருந்து நம்மிடம் பயில வரும் மாணவர் சிலர், தாயாரின் கிளினிக் அட்டையை நீட்டி, "சேர், இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்பதுண்டு. மருத்துவம் இலவசமாகக் கிடைக்கும் நாடுதான் இது. ஆயினும் மருத்துவரின் சொல் அந்தத் தாயைச் சென்றடையவில்லை.

அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசும் குடியேறிகளின் நிலையும் இத்தகையதே. 1980களின் நடுப்பகுதியில், லூத்தரன் போதகரான கிரேஞ்சர் வெஸ்ட்பெர்க், சிக்காகோவை அடுத்த தேவாலயங்களில் தாதியரை அமர்த்தும் முறையைத் தொடங்கி வைத்தார். பின்னர் அம்முறை ஸ்பானிய மொழி வழங்கும் சபைகளுக்கும் பரவிற்று. அத்தாதி இரத்த அழுத்தம் பார்ப்பாள். மருத்துவர் கூறியதை மக்கள் மொழியில் விளக்குவாள். தயங்குவோரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைப்பாள். மக்கள் நம்பிக்கையோடு கூடும் இடத்தில் அவள் இருப்பதே அவளுடைய பலம்.

நமக்கு இது முற்றிலும் புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் பணிபுரிந்த சாமுவேல் கிறீன் என்னும் மிஷன் மருத்துவர், மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவர் முயற்சியால் 1857இல் 'பிரசவ வைத்தியம்' தமிழில் வெளிவந்தது. மதம் பரப்பும் நோக்கம் அவருக்கிருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நோயாளியின் மொழியில் பேசாத மருத்துவம் அரை மருத்துவமே என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

தோட்டந்தோறும் மாரியம்மன் கோயில் உண்டு; கெலிஓயாவில் பள்ளிவாசலும் உண்டு. அம்மை கண்டால் வேப்பிலை கட்டி, வீட்டோடு இருத்திவிடும் பழக்கத்தையும் நாம் அறிவோம். நம்பிக்கை சில வேளை மருந்துக்குத் தடையாவதும் உண்மையே. ஆதலால்தான் தாதி கோயில் மண்டபத்திற்கே வரவேண்டும் என்கிறோம். பூசகரும் அவளும் ஒரே சொல்லைச் சொன்னால், கர்ப்பிணிப் பெண் அதைத் தட்டமாட்டாள்.

எனினும் ஒன்றை நாம் மறந்துவிடலாகாது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற வளர்த்தியற்றோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்திலோ ஏறத்தாழ 32 பேர். இக்குறையைப் பக்தியால் மட்டும் நிரப்பிவிட முடியாது. போதிய கூலியும் உணவும் நல்ல நீரும் வேண்டும். தருமமாக வரும் உதவி என்றேனும் நின்றுபோகலாம். உரிமையாகப் பெறுவதைக் கேட்டு வாங்கலாம்.

1987இல், அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கிற்று. அந்த உரிமை கிளினிக் அட்டைவரை வந்து சேரவேண்டும். லயங்களில் பிறந்த நம் மாணவியர் பலர் தாதியராகப் பயிற்சி பெற்று, அரசாங்கச் சம்பளத்தில் தம் மக்களிடையே பணிபுரிய வேண்டும். கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் அவர்களுக்கு இடமளிக்கட்டும்; அரசு அவர்களை நியமிக்கட்டும்.